சிறிய டிராக்டருக்குப் பட்டறையில் முன் லோடர் செய்வது எப்படி: அளவு, ஆவணம், செலவு, காலம்

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்குக் கொஞ்சம் நெல்லும் வாழையும் இருக்கின்றன. வீட்டோடு ஒரு மாட்டுத்தொழுவும் உண்டு. குப்பைக்குழியிலிருந்து எருவை அள்ளி டிரெய்லரில் ஏற்றுவதற்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது, ஜே.சி.பி.யை அழைத்தாலோ அது வாழைக்கொல்லைக்குள் நுழைவதில்லை. அதனால் என்னிடம் இருந்த 20 குதிரைத்திறன் மினி டிராக்டருக்கு உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒரு முன் லோடர், அதாவது வண்டியின் முன்னால் பக்கெட்டால் அள்ளித் தூக்கும் கருவி, செய்து மாட்டினேன். ஆறு வாரத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை நான்கு மாதம் இழுத்தது, ஒருமுறை செய்ததைப் பிரித்து மறுபடியும் செய்தேன். நீங்கள் இந்த வேலையில் இறங்கப்போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். இரும்பு வாங்குவது இதில் ஐந்தாவது படி, பெரும்பாலோர் அதையே முதல் படியாக வைத்துத் தொடங்குகிறார்கள்.

1. ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே லோடரை வண்டியோடு சேர்த்துப் பற்றவைத்த உறுப்பாகச் செய்யாமல், கலப்பையையும் ரோட்டவேட்டரையும் போல, பின்னை உருவினால் கழன்று வரும் கருவியாகச் செய்யுங்கள். தார்ச்சாலையில் ஏறும்முன் அதைக் கழற்றிவிடுங்கள். அப்படியே செய்தாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அந்த மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து காப்பீடு. கருவி மாட்டப்போவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது விபத்து நடந்த பிறகு எடுபடாது. டிராக்டர் கடனில் இருந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும், அப்போது வங்கிக் கிளையிலும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், மானிய ஆணையில் உள்ள நிபந்தனைகளைப் படித்துவிட்டு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வாரண்டிக் காலம் முடியாத வண்டியில் இந்த வேலையே வேண்டாம்: ஹைட்ராலிக் குழாயில் கை வைத்த கணத்தில் வாரண்டி போய்விடும்.

குளத்து வண்டல் அள்ளும் எண்ணத்தில் லோடர் செய்பவர்களும் உண்டு. வண்டல் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். 2024 முதல் அதை வட்டாட்சியர் அளவிலேயே வழங்குகிறார்கள். அனுமதித் தாள் கையில் இல்லாமல் குளத்துக்குள் வண்டியை இறக்காதீர்கள்.

2. டிராக்டரை அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளம், டிராக்டரின் மொத்த அகலம், முன் டயரின் அளவும் அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தாங்கு எடையும், கைப்புத்தகத்தில் உள்ள ஹைட்ராலிக் பம்பின் ஓட்டம், அதன் அதிகபட்ச அழுத்தம், டிரெய்லர் பலகையின் உயரம்.

முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. என் வண்டியில் அச்சுகளுக்கு இடையே 1.5 மீட்டர். பக்கெட்டின் நடுப்பகுதி முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் நிற்கும். அதில் 200 கிலோ ஏற்றினால் முன் அச்சில் கூடுவது 200 கிலோ அன்று, 200-ஐ, பின் அச்சிலிருந்து பக்கெட் வரையுள்ள 2.5 மீட்டரால் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் வரும் 333 கிலோ. மிகுதியான 133 கிலோ பின் சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டு முன்னே வருகிறது. ஏற்றத்திலும் வரப்பிலும் பின் சக்கரம் பிடிப்பில்லாமல் தூக்குவது இதனால்தான். உங்கள் வண்டியின் அளவுகளைப் போட்டு இந்தக் கணக்கை முதலில் செய்யுங்கள். 20 குதிரைத்திறன் வண்டிக்கு 200 கிலோவை எல்லையாக வைத்துக்கொள்வதே என் முடிவு.

3. சிலிண்டரைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

நான் போன முதல் பட்டறையில் மேஸ்திரி, “அண்ணாச்சி, நாப்பது எம்.எம். சின்னதா தெரியுதே, அறுபத்துமூணு போட்டுருவோம், பின்னால வருத்தப்பட வேண்டாம்” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் தவறான யோசனை.

கணக்கு எளியது. ஒரு பார் அழுத்தம் என்பது ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 40 மி.மீ. உள்விட்டச் சிலிண்டரின் பரப்பு 12.5 சதுர சென்டிமீட்டர். 100 பார் அழுத்தத்தில் அது 1,250 கிலோ விசை தரும், இரண்டு சேர்ந்தால் 2,500 கிலோ. சிலிண்டர் தண்டு 40 சென்டிமீட்டர் நீளும்போது பக்கெட் 1.8 மீட்டர் உயருகிறது என்றால், 2,500-ஐ 0.4-ஆல் பெருக்கி 1.8-ஆல் வகுக்க வேண்டும். சராசரியாக 555 கிலோ தூக்கும். பக்கெட்டைத் தாங்கும் லோடர் கையும் பக்கெட்டும் தங்கள் எடையாக 120 கிலோ வரை எடுத்துக்கொள்ளும், சாய்வுக் கோணம் மோசமாக இருக்கும் இடத்தில் இன்னும் குறையும். அப்படியும் நமக்கு வேண்டிய 200 கிலோவுக்கு மேலே நிற்கிறது. இதே இடத்தில் 63 மி.மீ. சிலிண்டர் போட்டால் 1,377 கிலோ வருகிறது. வண்டியின் எடையையே மிஞ்சும் அந்த விசை முன் அச்சைத்தான் முறிக்கும்.

வேகத்திலும் சிறியதே நல்லது. இரண்டு 40 மி.மீ. சிலிண்டர்கள் முழுதும் நீள ஏறத்தாழ 1 லிட்டர் எண்ணெய் போதும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் பம்பில் ஐந்து நொடி. பெரிய சிலிண்டர் என்றால் அதே வேலைக்குப் பன்னிரண்டு நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

நான் கடைசியில் தூக்குவதற்கு 40 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீட்டம் உள்ளவை இரண்டும், பக்கெட்டைக் கவிழ்க்க 250 மி.மீ. நீட்டம் உள்ளவை இரண்டும் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் லாரியில் வரவழைத்தேன். சொல்லிச் செய்யும் சிலிண்டருக்குப் பத்திலிருந்து பதினைந்து நாள் ஆகும். ஆகவே அளவு முடிவானவுடன் இதற்கு முன்பணம் அனுப்பிவிடுங்கள்.

4. சிமெண்டுக் களத்தில் முழு அளவில் வரையுங்கள்

டிராக்டரைக் களத்தின் ஓரத்தில் நிறுத்தி, பக்கவாட்டுத் தோற்றத்தைச் சுண்ணக்கட்டியால் முழு அளவில் தரையில் வரைந்துகொள்ளுங்கள். பிளைவுட் பட்டைகளை வெட்டி, மூட்டுப் பின்கள் வரும் இடங்களில் ஆணி அடித்து, லோடர் கையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பாருங்கள். பானெட் திறக்க வழி இருக்கிறதா, முன் சக்கரம் முழுதும் திரும்பும்போது சட்டத்தில் உரசுகிறதா, கவிழ்த்த பக்கெட்டின் விளிம்பு டிரெய்லர் பலகைக்கு மேலே நிற்கிறதா என்பனவற்றை இங்கேயே கண்டுகொள்ளலாம். என் அளவில் கையின் சுழல்முனை தரையிலிருந்து 1.15 மீட்டர், கையின் நீளம் 1.6 மீட்டர். தரையில் இருக்கும்போது பக்கெட் பின்னால் 25 பாகை மடங்க வேண்டும், உச்சியில் 45 பாகை கவிழ வேண்டும்; இதற்குக் குறைந்தால் ஈர எரு பக்கெட்டை விட்டு விழாது.

பக்கெட்டின் அகலம் டிராக்டரின் அகலத்தைவிடக் கையளவு கூடுதலாக இருந்தால் போதும். 1.2 மீட்டர் அகலத்தில் என் பக்கெட் 0.12 கன மீட்டர் கொள்ளும். மக்கிய எரு அதில் நூறு கிலோவை ஒட்டி வரும். ஈர மணலோ 200 கிலோவைத் தாண்டிவிடும், ஆகவே மணலுக்கு அரைப் பக்கெட்தான்.

5. இரும்பும் பட்டறையும்

லோடர் கைக்கும் அதைத் தாங்கும் தூணுக்கும் 80க்கு 40 மி.மீ. செவ்வகக் குழாய், 4 மி.மீ. கனம், பக்கெட்டுக்கு 4 மி.மீ. தகடு, மூட்டுப் பின்களின் துளை வரும் இடங்களுக்கு 12 மி.மீ. தகடு. பின்களுக்கு 25 மி.மீ. இ.என்.8 ரக எஃகுத் தண்டு. மூட்டுப் பின் நேரடியாகக் குழாயில் சுழலக் கூடாது, புஷ் (உள்வளையம்) போட்டு, கிரீஸ் நிப்பிள் வைத்து, லேத்தில் கடைந்து வாங்குங்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 190 கிலோ இரும்பு. ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு சேர்த்த பில்லைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் ஆய்வில் யாரேனும் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

வெட்டும் விளிம்புக்குப் பழைய லாரி லீப் பட்டையை வைப்பது நம் பக்கம் வழக்கம். தேய்மானம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் லீப் பட்டையைச் சூடாக்காமல் சாதாரண ராடால் பற்றவைத்தால் பற்றவைப்பின் ஓரத்திலேயே விரிசல் விடும். அதைச் சூடேற்றிப் பற்றவைக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் 12 மி.மீ. தட்டைப்பட்டையே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். விவசாய மின் இணைப்பில் வெல்டிங் எந்திரத்தை ஓட்டாதீர்கள். அது மின்சாரச் சட்டத்தின்படி அனுமதியற்ற பயன்பாடு, இணைப்பையே இழக்க நேரும். மற்றொன்று காற்று. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தில் ஆனி ஆடிக் காற்றில் திறந்த கொட்டகையில் மிக் வெல்டிங் செய்தால், காக்கும் வாயு அடித்துக்கொண்டு போய், பற்றவைப்பு வெளியே பளபளவென்றும் உள்ளே தேன்கூடு போலவும் நிற்கும். அந்தப் பக்கத்தவர்கள் காற்று மறைப்பு உள்ள பட்டறையில் செய்யுங்கள், இல்லையேல் ராடு வெல்டிங்கே செய்யுங்கள். எடை தாங்கும் இணைப்புகளுக்கு 7018 எண்ணுள்ள வெல்டிங் ராடு கேளுங்கள், அதை உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

6. பொருத்துச் சட்டம்: இதில் சிக்கனம் வேண்டாம்

நான் தோற்ற இடம் இது. முதலில் போட்ட சட்டத்தை முன் பம்பர் தாங்கியிலும் என்ஜின் பக்கத்திலும் மட்டும் போல்ட்டு போட்டு நிறுத்தினார்கள். பார்க்க உறுதியாக இருந்தது. மூன்றாம் வாரம் கழுவித் துடைக்கும்போது, முன் தாங்கியின் மூலையில் பெயிண்டின் மேல் தலைமுடி போல ஒரு செந்துருக் கோடு தெரிந்தது. அந்த இடத்தில் டீசல் தடவி, துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளைத் தூளின் நடுவே ஈரமான கோடு ஒன்று போல்ட்டுத் துளையிலிருந்து விளிம்பு வரை ஊறி வந்தது. உள்ளே முக்கால் பங்கு பிளந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் பக்கெட்டோடு முன்பகுதி கழன்றிருக்கும்.

காரணம் இது: சிறிய டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. என்ஜின், கிளட்ச் கூடு, கியர்பாக்ஸ் மூன்றும் போல்ட்டால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, அவையே முதுகெலும்பாக இருக்கின்றன. முன்னால் மட்டும் பிடித்தால் பக்கெட்டின் எடை முழுதும் அந்த இணைப்புகளை வளைக்கப் பார்க்கும். ஆகவே சட்டத்தின் இரு பக்க நீளக்குழாய்களும் முன் தாங்கியிலிருந்து புறப்பட்டு, நடுத்தூணைத் தாங்கி, பின் அச்சுக் கூடு வரை ஓடி அங்கே பிடிக்கப்பட வேண்டும். முன்னே இரண்டு பக்கத்தையும் ஒரு குறுக்குக்குழாய் சேர்க்க வேண்டும். இல்லையேல் பக்கெட்டின் ஒரு மூலை கல்லில் இடிக்கும்போது சட்டம் முறுக்கும்.

போல்ட்டுகள் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமை எண் அச்சிட்டவையாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக் கூட்டில் எங்கும் பற்றவைக்காதீர்கள், புதிதாகத் துளையும் போடாதீர்கள். தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். சட்டத்தை வண்டியில் வைத்துப் புள்ளிப் பற்று மட்டும் போட்டு, கீழே இறக்கி முழுப் பற்றவைப்பைச் செய்வது முறை. புள்ளிப் பற்றுக்கும்கூட முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள், எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். மின்னோட்டம் பேரிங் வழியாகப் போனால் பேரிங் குழி விழும்.

7. ஹைட்ராலிக் இணைப்பு

வேண்டியது இரண்டு லீவர் உள்ள வால்வு. திறந்த மைய வகையாகவும் (லீவரைத் தொடாதபோது எண்ணெய் தடையின்றி ஓடும் வகை), தன்னுள்ளே ரிலீப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடுவது) உள்ளதாகவும், எண்ணெயை அடுத்த கருவிக்குக் கடத்தும் தனித் துவாரம் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். இந்த மூன்றாவதைத்தான் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை.

பம்பிலிருந்து வரும் எண்ணெய் முதலில் லோடர் வால்வுக்குள் புகுந்து, கடத்தும் துவாரம் வழியாக வெளியேறி, டிராக்டரின் பின் லிப்ட்டுக்குப் போக வேண்டும். வால்வின் திரும்பு துவாரம் தனிக் குழாயாக எண்ணெய்த் தொட்டிக்கு வர வேண்டும். என் வண்டியில் கடத்தும் துவாரம் இல்லாத வால்வை வைத்து, திரும்பு குழாயையே பின் லிப்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். லோடர் நன்றாக வேலை செய்தது. பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கியபோது அழுத்தம் முழுதும் வால்வின் திரும்பு பக்கத்தில் ஏறி, லீவர் சீல் பிய்ந்து, சூடான எண்ணெய் என் தொடை வரை தெறித்தது. வால்வையும் சட்டத்தையும் மாற்றிய வகையில் 14,000 ரூபாய் வீண்.

ஹோஸ்கள் 3/8 அங்குலம், இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ளவை. ஒற்றைப் பின்னல் 180 பார், இரட்டைப் பின்னல் 330 பார் தாங்கும். விலை வேறுபாடு அந்தப் பாதுகாப்புக்குத் தகும். கை முழுதும் உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும் இரு நிலையிலும் நூலை வைத்து அளந்து ஹோஸ் வெட்டச் சொல்லுங்கள். பிரஷர் கேஜ் மாட்டி ரிலீப் வால்வை 80 பாரில் வையுங்கள்; மேலே 100 பாருக்குப் போட்ட கணக்கை 80-க்குப் போட்டாலும் சராசரித் தூக்கு 200 கிலோவுக்கு மேலேயே நிற்கும். எண்ணெய் கைப்புத்தகத்தில் சொன்ன வகையாகவே இருக்கட்டும். பல மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸ் எண்ணெயும் ஹைட்ராலிக் எண்ணெயும் ஒன்றுதான், கடையில் கிடைக்கும் 68 எண் ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றிக் கலந்துவிடாதீர்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளையிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி போலத் தெரிந்தாலும், உடனே அறுவை செய்து எடுக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். அப்படிப் பட்டுவிட்டால் வலிக்கவில்லை என்று வீட்டில் இருக்காமல், என்ன நடந்தது என்பதைச் சொல்லிப் பாளையங்கோட்டைக்கோ அருகில் அறுவை மருத்துவர் உள்ள இடத்துக்கோ அப்போதே போங்கள்.

8. பின் எடை

பின் எடை இல்லாமல் பக்கெட்டில் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள். 200 லிட்டர் பீப்பாயைப் பாதியாக வெட்டி, மும்முனை இணைப்புக்கான கொக்கிகளை உள்ளே நிறுத்திக் கான்கிரீட் கொட்டினால் 240 கிலோ வரும். பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் அது தொங்கும்போது முன் அச்சிலிருந்து 128 கிலோவைக் குறைக்கும். கான்கிரீட்டை ஒரு வாரமாவது நனைத்து ஆறவிடுங்கள்.

9. செலவும் காலமும்

நான் கொடுத்தவை: இரும்பு 16,000, நான்கு சிலிண்டர் 22,000, வால்வு 7,500, ஹோஸும் இணைப்புகளும் 8,000, லேத் வேலை 6,000, வெல்டிங் கூலி 15,000, எண்ணெய் 3,500, பெயிண்ட் 2,000, பின் எடை 1,500. மொத்தம் 81,500 ரூபாய். தவறுக்குக் கொடுத்த 14,000 இதில் சேரவில்லை. வெல்டிங் கூலியை நாள் கணக்கில் பேசாமல் முழு வேலைக்கும் பேசி, மூன்றில் ஒரு பங்கைச் சோதனை முடியும் வரை நிறுத்தி வையுங்கள்.

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த பிறகு, பங்குனியில் தொடங்கினால் கார்ப் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வரும்முன் முடித்துவிடலாம். வரைவதற்கு ஒரு வாரம், சிலிண்டர் வர இரண்டு வாரம், லேத்துக்கு நான்கு நாள், வெல்டிங்குக்குப் பத்து நாள், இணைப்புக்கும் சோதனைக்கும் ஒரு வாரம். அறுவடைக் காலத்தில் பட்டறையில் கொடுத்தால் கதிரறுக்கும் எந்திரங்களுக்குப் பின்னால்தான் உங்கள் வேலை நிற்கும்.

10. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வைத்திருப்பவர்களுக்கு

கல்லூரி மைதானங்களில் ஓடிய பெரிய புல்வெட்டியை ஏலத்தில் எடுத்து இதே வேலையைச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம், எல்லை மிகச் சிறியது. ஹைட்ரோஸ்டாட்டிக் வகையில் சக்கரத்தை ஓட்டும் எண்ணெய்ச் சுற்றிலிருந்து லோடருக்கு இணைப்பு எடுக்கக் கூடாது. என்ஜினிலிருந்து பெல்ட்டில் ஓடும் தனிப் பம்பும் பத்து லிட்டர் தொட்டியும், அல்லது 12 வோல்ட் மின்சாரப் பம்பும் வேண்டும். அடியில் உள்ள வெட்டுத்தட்டைக் கழற்றிவிடுங்கள். முன் அச்சு புல்தரைக்காகச் செய்த மெல்லிய அச்சு, ஆகவே 60 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மாட்டுச்சாணம், வாழைச்சருகு அள்ள அது போதும்.

11. முதல் பத்து மணி நேரம்

முதல் நாள் வெறும் பக்கெட்டை ஐம்பது முறை ஏற்றி இறக்கி எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்து எண்ணெய் மட்டம் பாருங்கள், சிலிண்டர்களும் ஹோஸ்களும் இரண்டு மூன்று லிட்டரைக் குடித்திருக்கும். பிறகு எடை தெரிந்த உர மூட்டைகளை அடுக்கி 50, 100, 150, 200 கிலோ என்று ஏற்றிப் பாருங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடியும் இறுக்கி, சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் டீசலும் சுண்ணத்தூளும் வைத்துப் பாருங்கள்.

ஓடும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, வரப்பைக் குறுக்கே தாண்டும்போது இன்னும் தாழ்த்துங்கள். தூக்கிய கையின் அடியில் வேலை செய்ய வேண்டியிருந்தால், நீளவெட்டில் பிளந்த இரும்புக் குழாயைச் சிலிண்டர் தண்டின் மேல் முட்டாக மாட்டிய பிறகே உள்ளே போங்கள். அந்தக் குழாயைச் சிவப்புப் பெயிண்ட் அடித்துச் சட்டத்திலேயே கொளுவி வைத்திருக்கிறேன், அதை மாட்டாமல் என் பையனும் அடியில் குனிய மாட்டான். லோடரைக் கழற்றி வைக்க இரண்டு முட்டுக்கால்களையும் பட்டறையிலிருந்து எடுக்கும்முன்பே செய்து வாங்கிவிடுங்கள். அவை இல்லாவிட்டால் சாலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கழற்ற நான்கு ஆள் வேண்டும்.